அது அறுவை சிகிச்சையே இல்லை

"எலும்பு மஜ்ஜை மாற்று அறுவை சிகிச்சை" என்று தமிழ் நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? செய்தியின் அச்சு எப்போதும் ஒன்றுதான். நடுவில் ஒரு குழந்தை, கையில் பூங்கொத்து, சுற்றிலும் வெள்ளைக் கோட்டுகள், தலைப்பில் "சாதனை". இத்தனை லட்சம் செலவாகும் சிகிச்சை இலவசமாகச் செய்யப்பட்டது என்று ஒரு வரி. நலமுடன் வீடு திரும்பினார் என்று கடைசி வரி. அதோடு முடிஞ்சுது.

இதில் எனக்கு முதல் சண்டை அந்த "அறுவை" என்ற சொல்லோடு. நோயாளியை யாரும் அறுப்பதில்லை. நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுகிறோமே, அதற்குள் இருக்கும் அந்தக் கொழகொழப்புதான் மஜ்ஜை. சித்த மருத்துவத்தில் ஏழு தாதுக்களைச் சொல்லும்போது என்புக்கு அடுத்து "மூளை" என்று ஒன்று வரும். தலையில் இருப்பதை அல்ல, இதைத்தான் சொல்கிறார்கள். ரத்தத்தின் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் இங்கேதான் உற்பத்தி. இந்தத் தொழிற்சாலை கெட்டுப்போனால் (ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா என்று காரணம் பல) முதலில் வீரியமான மருந்து கொடுத்து பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு இன்னொருவரின் மூல உயிரணுக்கள் ஒரு பையில் வரும். அதை நரம்பு வழியாக, ரத்தம் ஏற்றுவதுபோல, ஏற்றுகிறார்கள். சில மணி நேர வேலை. நோயாளி கட்டிலில் படுத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த உயிரணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறும்.

ஆபரேஷன் தியேட்டருக்கு யாராவது போவதாக இருந்தால் அது கொடுப்பவர்தான். மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். அதுவும் இப்போது குறைந்துவிட்டது. பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, மூல உயிரணுக்களை ரத்தத்துக்கு வரவைத்து, பிளேட்லெட் எடுக்கும் மெஷின் மாதிரியான ஒன்றில் சில மணி நேரம் உட்காரவைத்து எடுத்துவிடுகிறார்கள்.

"சரிங்க, ஒரு சொல்தானே, விடுங்க" என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல் ஆராய்ச்சிக்காக இதை எழுத வரவில்லை. அறுவை சிகிச்சை என்றால் நம் மனதில் ஒரு நாள் இருக்கிறது. ஆபரேஷன் நாள். அதற்கு முன் பணம் கட்டணும், அதற்குப் பின் தையல் பிரிக்கணும். உதவித் திட்டங்கள், நிதி திரட்டும் போஸ்டர்கள், செய்திகள் எல்லாமே அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தச் சிகிச்சை நாள் கணக்கில் நடப்பதில்லை, மாதக் கணக்கில் நடக்கிறது. அந்த மாதங்களுக்கு நம்மிடம் திட்டமே கிடையாது. என் துறையில் சொல்வதானால், கோ-லைவ் அன்னிக்குக் கேக் வெட்டிவிட்டு சப்போர்ட் டீமுக்கு பட்ஜெட் போடாமல் விட்ட ப்ராஜெக்ட் இது.

மாதங்கள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். மருத்துவமனைகளில் உயிரணு ஏற்றும் நாளை பூஜ்ஜியம் என்று வைத்து எண்ணுவார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் அழிப்பு மருந்து. ஏற்றிய பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் நோயாளிக்கு எதிர்ப்பு சக்தி கிட்டத்தட்ட இல்லை. தனி அறை, வடிகட்டிய காற்று, வாயெல்லாம் புண். அந்த நேரத்தில் சிவப்பணு, பிளேட்லெட் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கணும். பிளேட்லெட் ஐந்து நாளுக்குமேல் தாங்காது, அதனால் வாங்கி அடுக்கி வைக்க முடியாது, ஆள் வேணும். புது உயிரணு பிடித்துக்கொண்டதும் டிஸ்சார்ஜ். பத்திரிகைப் போட்டோ எடுப்பது இங்கேதான்.

உண்மையில் வீட்டாரின் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. முதல் 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கணும். காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுபோய்ச் சேர்க்கணும், மறுநாள் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. வந்த உயிரணு, இந்த உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்கலாம். தோல், குடல், கல்லீரல் மூன்றும் அதற்கு முதல் இலக்கு. ஜிவிஹெச்டி என்று சொல்வது இதைத்தான். அதைத் தடுக்கும் மாத்திரையின் அளவு கூடினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, குறைந்தால் ஜிவிஹெச்டி. அதற்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சாப்பாடு அப்போதே சமைத்து, குக்கரில் வேகவைத்து, சூடாறுவதற்குள் கொடுக்கணும். கடைச் சாப்பாடு கூடாது. குழந்தையில் போட்ட தடுப்பூசிகளின் நினைவெல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விடும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எல்லாத் தடுப்பூசியும் மறுபடி. (ரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறிவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?)

இதையெல்லாம் செய்ய ஒரு முழு ஆள் வேண்டும். அமெரிக்காவில் பல மையங்களில் 24 மணி நேரமும் கூட இருக்க ஒருவர் உறுதி கொடுத்தால்தான் சிகிச்சையையே தொடங்குவார்கள். இங்கே கூட இருக்கும் அந்த ஆளுக்கு "அட்டெண்டர்" என்று ஒரு பாஸ் கொடுப்பார்கள். வாடகை, சாப்பாடு, போன சம்பளம் எதற்கும் அந்த பாஸில் இடமில்லை.

நம் ஊரில் இந்தச் சிகிச்சை புதுசு இல்லை. மும்பை டாடா மெமோரியலில் 1983-லேயே தொடங்கிவிட்டார்கள். வேலூர் சிஎம்சியில் 1986-ல், டாக்டர் மாமன் சாண்டி தலைமையில். இன்றைக்கும் வேலூரில் சிஎம்சியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜுகளைப் பார்க்கலாம். சமையல் அடுப்போடு மாத வாடகைக்கு அறை. அந்தத் தெருக்களை நான் ஒரு ஆவணமாகவே பார்க்கிறேன். நோயாளியின் குடும்பத்துக்கு என்ன தேவை என்பது அரசின் திட்டக் குறிப்பைவிட அந்த லாட்ஜ்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மாற்று தேடும் பக்கம் நல்ல வேலை நடந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. சென்னையில் ஜீவன், 2009-ல் தொடங்கிய தாத்ரி என்று கொடையாளர் பதிவேடுகள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் முகாம்கள் ஓஎம்ஆர் கம்பெனிகளில் நிறைய நடந்தன. உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான் என்பதால் வெளியே தேட இவை தேவைப்பட்டன, இன்னும் தேவை. ஆனால் "கொடையாளர் கிடைக்கவில்லை" என்பதே கதையின் ஒரே முடிச்சு என்ற நிலை மாறிவிட்டது. ஏற்றிய சில நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் முறை ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்து பரவிய பிறகு, பாதிப் பொருத்தமே போதும் என்று ஆகிவிட்டது. பாதிப் பொருத்தம் என்றால் அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்குக் கொடுக்கலாம், பிள்ளை பெற்றோருக்குக் கொடுக்கலாம். அநேகமாக எல்லாருக்கும் ஒரு கொடையாளர் வீட்டிலேயே இருக்கிறார்.

மருத்துவத்துக்கு இது பெரிய தாவல். வீட்டுக் கணக்கில் இது என்ன செய்தது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. சம்பாதிக்கும் அப்பாவே கொடையாளர் ஆகிறார். அம்மா அட்டெண்டர் ஆகிறார். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலையை விட்டு நிற்கிறார்கள்.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டி. சிப்காட் பக்கம் ரோலிங் மில், இரும்பு உருக்கும் உலைகள், வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனிகள். பாதிப் பேர் கான்ட்ராக்ட். அதில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் ஏராளம். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு ரோலிங் மில் தொழிலாளியின் மகளுக்கு அப்ளாஸ்டிக் அனீமியா. அண்ணனுக்குப் பொருத்தமில்லை. அப்பாவே பாதிப் பொருத்தத்தில் கொடுத்தார். பேப்பர்களைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள், அப்படித்தான் இந்த விஷயத்துக்குள் நான் வந்தேன். மருத்துவமனைக் கட்டணத்துக்கு ஒரு வழி பிறந்தது. எப்படி என்று விரித்தால் அவர்களை அடையாளம் காட்டிவிடும், வேண்டாம். 16-ஆம் நாள் வெள்ளையணு ஏறத் தொடங்கியது. அன்றைக்கு அந்த அம்மா போனில் சொன்னது, "அண்ணா, ஏறுது". அவ்வளவுதான் சொன்னாங்க.

அதற்குப் பிறகுதான் வீடு ஆட்டம் கண்டது. கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அறை வாடகை ஓடிக்கொண்டிருந்தது. பையன் பாட்டியோடு இங்கே. பிளேட்லெட்டுக்கு மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் போனார்கள். நைட் ஷிப்ட் முடித்து, காலையில் எலக்ட்ரிக் ட்ரெயினில் ஒன்றரை மணி நேரம் போய், மெஷினில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, திரும்பி வந்து மறுபடி ஷிப்ட். ஒரு அமாவாசைக்கு அந்த அப்பா திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார். நோய் அப்படிக் கரையணும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நேராக அங்கிருந்தே மகள் இருந்த ஊருக்கு ரயில் ஏறினார்.

ஒரு கணக்கு போடுவோம். நாள் கூலி 600, மாதம் 26 நாள் என்றால் ஆறு மாதத்துக்கு 93,600. மருத்துவமனைப் பக்கம் அறை நாளுக்கு 400, 120 நாளைக்கு 48,000. கூட்டினால் 1,41,600. இது என் உதாரணக் கணக்குதான், ஊருக்கு ஊர் மாறும். 15 லட்சம் சிகிச்சையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 15 லட்சத்துக்கு விண்ணப்பிக்க நாலு இடம் உண்டு. இந்த ஒன்றரை லட்சத்துக்கு வட்டிக்காரர்தான் உண்டு.

திட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். மாதம் 10,000. ஒழுங்காக வேலைக்குப் போகும் மில் தொழிலாளி அதைத் தாண்டிவிடுவார். ஆயுஷ்மான் பாரத் விதியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் செலவு வரை பேக்கேஜுக்குள் அடங்கும். முழங்கால் ஆபரேஷனுக்கு 15 நாள் நியாயம். 100 நாள் மாத்திரையும் பரிசோதனையும் தேவைப்படும் நோயாளிக்கு? தலசீமியா குழந்தைகளுக்கு கோல் இந்தியா 2017 முதல் 10 லட்சம் வரை தருகிறது. அருமையான திட்டம், பல குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். அந்தப் பணமும் மருத்துவமனைக்குத்தான் போகும். தங்குமிடம் தருபவர்கள் சிலர் இருக்கிறார்கள். 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் சென்னையிலும் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசமாக இடம் தருகிறது. நோயாளி முப்பது வயது ஆளாக இருந்தால் அவர் லாட்ஜ்தான் பார்க்கணும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்மையில் பொருந்துவது ஈஎஸ்ஐ. 2017 ஜனவரியிலிருந்து 21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் எல்லாம் அதற்குள். ஈஎஸ்ஐயைத் திட்டுவது எங்கள் பக்கம் பொழுதுபோக்கு. நான் திட்டப் போவதில்லை, ஏன்னா சட்டத்தைப் படித்தால் எழுதியவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. 1944-ல் பேராசிரியர் அடார்க்கர் கொடுத்த அறிக்கை, 1948-ல் சட்டம், 1952-ல் கான்பூரில் தொடக்கம். நோய் வந்தால் மருத்துவம் மட்டும் போதாது, போன கூலியையும் கொடுக்கணும் என்பதுதான் இதன் அடிப்படை. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. புற்றுநோய் மாதிரி நீண்ட நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி.

பிள்ளைக்கு நோய் என்றால்? மருத்துவம் உண்டு. கூலி கிடையாது. மகள் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருக்கும் அப்பா சட்டத்தின் பார்வையில் ஆரோக்கியமான ஆள், வேலைக்கு வராத ஆள்.

இதைவிட மோசமான கண்ணி ஒன்று இருக்கிறது. ஈஎஸ்ஐயில் ஆறு ஆறு மாதமாகக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணம். உயர் சிகிச்சைக்கான தகுதியும் சந்தா நாட்களோடு கட்டப்பட்டதுதான். மகளைப் பார்த்துக்கொள்ள ஏப்ரலில் நின்றவருக்குச் சந்தா நாள் எங்கிருந்து வரும்? எந்தக் காப்பீடு மகளைக் காப்பாற்றுகிறதோ, அந்தக் காப்பீடே அவர் மகள் பக்கத்தில் உட்கார உட்காரத் தேய்கிறது. கோடிங்கில் இதை டெட்லாக் என்போம். இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. அட்டெண்டர் என்று ஒரு ஆள் இருக்கிறார் என்பதே அட்டவணையில் இல்லாததால் வந்தது.

லீவ் எடுக்கலாமே என்பீர்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவ் இருந்தது. வருஷம் 300 நாள் உழைத்தால் 15 நாள். அதுவும் 240 நாள் முடித்தவருக்குத்தான் இருந்தது. நம் மாநிலத்தில் 1981-ல் வந்த ஒரு சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கணும். பிள்ளைக்காக ஆறு மாதம் போனால் அந்த எண்ணிக்கையும் கை நழுவும். இதே நாட்டில் மத்திய அரசு வேலையில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கவனிக்க மொத்தம் 730 நாள் விடுப்பு உண்டு, முதல் 365 நாள் முழுச் சம்பளத்தோடு. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது நியாயம் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம், அதைத்தான் சொல்கிறேன். அந்த நியாயம் ஜிஎன்டி ரோடு சிப்காட் கேட்டோடு நின்றுவிடுகிறது.

கனடாவில் கடும் நோயுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளிக்கு வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து 35 வாரம் வரை, சம்பளத்தில் 55 சதவீதம். ஜெர்மனியில் பிள்ளைக்கு நோய் என்றால் பெற்றோரின் கூலி இழப்பை நோய்க் காப்பீடே ஈடு செய்கிறது. "அவங்க பணக்கார நாடு" என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று. 2019 ஜூலையில் ஈஎஸ்ஐ சந்தா 6.5 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைக்கப்பட்டது. முதலாளி பங்கு 4.75-லிருந்து 3.25, தொழிலாளி பங்கு 1.75-லிருந்து 0.75. கையில் பணம் இல்லாத நிறுவனம் சந்தாவைக் குறைக்காது. அந்த நேரத்தில் கவனிப்போருக்கு ஒரு கூலி ஈடு சேர்த்திருக்கலாம். சேர்க்கச் சொல்லி யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள வரம்பை உயர்த்து என்பது எப்போதும் இருக்கும், இது இருக்காது.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் விடை மறுபடி அந்தப் பத்திரிகைச் செய்திதான். போட்டோவில் டாக்டர் உண்டு, அமைச்சர் உண்டு, குழந்தை உண்டு. குக்கரில் சோறு வைத்தவர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பார். எண்பதுகளின் சினிமாவில் ரத்தப் புற்றுநோய் என்றால் ஹீரோ இருமிவிட்டு ஒரு பாட்டு பாடிச் சாவார், அங்கேயும் பார்த்துக்கொள்கிறவருக்கு வேலை இல்லை. விதிவிலக்காக எனக்குத் தெரிந்தது 2019-ல் ஷோனாலி போஸ் எடுத்த இந்திப் படம் 'தி ஸ்கை இஸ் பிங்க்'. ஆயிஷா சௌத்ரி என்ற பெண்ணின் உண்மைக் கதை. ஆறு மாதக் குழந்தையாக லண்டனில் மஜ்ஜை மாற்று நடந்தது. மாற்று நடக்கும் காட்சியைவிட அதற்குப் பிறகு அப்பா ஒரு நாட்டிலும் அம்மா ஒரு நாட்டிலும் கிடந்து அல்லாடுவதுதான் படம். பளபளப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவு வசதி நம் தெருவில் இல்லை. ஆனாலும் எங்கே கேமராவை வைக்கணும் என்பது அந்த இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது.

நிதி திரட்டும் போஸ்டர்களிலும் இதே கோளாறு. "அறுவை சிகிச்சைக்கு 18 லட்சம் தேவை" என்று ஒரு எண். இலக்கு எட்டியதும் பக்கம் மூடப்படும். நன்கொடை கொடுத்தவர் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பார். 40-ஆம் நாள் வாடகைக்குக் காசில்லாமல் குடும்பம் ஊர் திரும்பினால், 50-ஆம் நாள் வரும் காய்ச்சலுக்கு யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

எங்கள் தெருப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முடி வளர்ந்துவிட்டது. அப்பா வேறொரு கான்ட்ராக்டரிடம், புது ஆளாக.

ஈஎஸ்ஐ கழகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். மூன்று கேள்விகள். தமிழ்நாட்டில் கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பேர் மஜ்ஜை மாற்றுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். அதில் எத்தனை பேர் தொழிலாளியின் பிள்ளையோ துணைவரோ. அந்தத் தொழிலாளிகளில் எத்தனை பேர் சிகிச்சை தொடங்கி ஒரு வருடம் கழித்தும் சந்தாக் கணக்கில் இருக்கிறார்கள். மூன்றாவது எண்ணிக்கையை அவர்கள் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் டேட்டாபேஸில் இரண்டு அட்டவணையைச் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் வரும், க்வெரியையே எழுதி இணைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.